பட்டியலில் இல்லாத பை

1

கனடாவுக்கு வந்து பதினொரு வருஷம் முடிந்த அன்றைக்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நான் ஓட்டும் பஸ்ஸில், பயணப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவனை ஏற்றிக்கொண்டு போனேனாம். போனேனாம் என்ன போனேனாம், போகத்தான் செய்தேன். அவனை மட்டுமில்லை, அவனுடைய பையையும் சேர்த்து ஏற்றினேன். இதை ஏற்காட்டில் இருக்கும் நீங்கள் படித்தால் 'இதெல்லாம் ஒரு குற்றமா?' என்று கேட்பீர்கள். இங்கே குற்றம்தான். ஏன் செய்தேன் என்று என் பெண்டாட்டிக்குச் சொல்லிவிட்டேன், மகளுக்குச் சொல்லிவிட்டேன், அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் நீங்கள்தான்.

நான் ஓட்டுவது ஒரு ஹாக்கி அணியின் பஸ். நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் ஓடும் ஹாக்கி இல்லை, பனிக்கட்டித் தரையில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடுவது. எங்கள் அணி சின்ன அணி. பெரிய நகரத்தில் பெரிய அணி ஒன்று இருக்கிறது, நாங்கள் அதற்குக் கீழே. பெரிய அணியில் ஒருவனுக்கு அடிபட்டால் எங்களிடமிருந்து ஒருவனை மேலே எடுப்பார்கள். எங்களிடம் ஆள் குறைந்தால் எங்களுக்கும் கீழே இருக்கும் அணியிலிருந்து ஒருவன் வருவான்.

இந்தப் படிக்கட்டில் ஆள் குறையாமல் இருக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு வருஷமும் கோடையில் ஐரோப்பாவிலிருந்து சிலரை எடுப்பார்கள். பின்லாந்துக்காரன், செக்குக்காரன், லாட்வியாக்காரன் என்று வருவார்கள். பழைய கிளப்போடு ஒப்பந்தம் முடிந்து, யாருக்கும் கட்டுப்படாமல் இருப்பவர்கள். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து. விமான நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டி வருவதும் என் வேலைதான். அணியின் ஆள் இருப்பை அதிகரிப்பதற்காக இந்த ஏற்பாடு என்று பேப்பரில் போட்டிருந்ததை என் மகள் பவித்ரா படித்துக் காட்டினாள். எனக்கு அது ஒரே சொல்லில் புரிந்தது. ஸ்டெப்னி.

மயிரைக் கட்டி மலையை இழுப்போம், வந்தால் மலை, போனால் மயிர் என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா? இந்த அணிகள் செய்வதும் அதேதான். பத்துப் பேரை எடுத்தால் ஒருவன் தேறினாலும் லாபம். மிச்ச ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்று எந்தப் பேப்பரிலும் போடுவதில்லை. எனக்குத் தெரியும், அவர்களைத் திரும்ப விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுபவனும் நான்தான்.

2

இந்த வருஷம் வந்த ஒருவன் பெயர் மிலான். ஸ்லோவாக்கியாக்காரன், இருபத்தொன்பது வயது, தடுப்பு ஆட்டக்காரன். போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆகி, சரியாகி வந்தவன். அவன் ஊரும் மலை ஊர். என் ஆங்கிலமும் அவன் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே லட்சணம் என்பதால் எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவே வரவில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாதபோது நாங்கள் இரண்டு பேரும் பிரமாதமாகப் பேசுவோம்.

அக்டோபரிலிருந்து அவனை ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. உள்ளூர் ஆட்டம் என்றால் கோட்டு, டை கட்டிக்கொண்டு மேலே பார்வையாளர்களோடு உட்கார வேண்டும். வெளியூர் ஆட்டம் என்றால் பட்டியலிலேயே பெயர் இருக்காது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முதல் ஆளாக வருவான், கடைசி ஆளாகப் போவான். கல்யாண வீட்டில் பாத்திரம் எல்லாம் கழுவி வைத்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புபவன் மாதிரி இருப்பான்.

அவன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பெரிய அணி அவனைக் கூப்பிடாவிட்டால், டிசம்பர் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட்டு அவன் ஊருக்குத் திரும்பிப் போகலாம். ஊரில் அவன் பழைய கிளப் அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஓர் ஆட்டமாவது ஆடி, அந்த வீடியோவைப் பார்த்தால்தான் முடிவு சொல்வார்களாம். ஆபரேஷன் செய்த முழங்கால், அதிலும் இரண்டரை மாசமாக ஆடாதவன் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

இதை அவன் எனக்குச் சொன்னது ஒரு புதன்கிழமை, பஸ் ஷெட்டில். நான் வைப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இங்க என்னை ஆட விடல. ஆடாததால அங்கயும் என்னை எடுக்க மாட்டாங்க. திங்கட்கிழமைக்கு முன்னாடி ஒரு ஆட்டம் கிடைச்சாப் போதும், ஒண்ணே ஒண்ணு" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை.

3

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நம் ஏற்காட்டு ஒண்டிக்கடை முச்சந்திக்கு வர வேண்டும். அங்கே ஒன்பது வருஷம் நான் ஆக்டிங் டிரைவர். வாடிக்கை டிரைவர் லீவு போட்டால், காய்ச்சலில் படுத்தால், மச்சினன் கல்யாணத்துக்குப் போனால் அன்றைக்கு மட்டும் வண்டியை எடுப்பவன். எஸ்டேட் ஜீப், டூரிஸ்ட் வேன், வாழவந்தி மினிபஸ், எது கிடைத்தாலும் சரி. அது ஏதோ பொற்காலம் என்று நினைக்காதீர்கள். கேவலமாக இருக்கும். காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் நிற்பேன், டீக்கடைக்காரர் 'இன்னைக்கும் உங்களுக்கு லீவுதானா?' என்று சிரிப்பார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான்.

ஆனால் அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆக்டிங் டிரைவரை யாரும் தேடிக்கொண்டு வர மாட்டார்கள். வண்டி கிளம்பும் நேரத்தில் யார் அங்கே நிற்கிறானோ அவனுக்குத்தான் சாவி. எனக்கு முதல் வண்டி கிடைத்ததும் அப்படித்தான். மினிபஸ் டிரைவருக்குத் திடீரென்று வயிற்று வலி. என்னைவிட நல்லா ஓட்டும் இரண்டு பேர் இருந்தார்கள், ஆனால் ஒருவர் வீட்டில் இருந்தார், இன்னொருவர் சேலம் போயிருந்தார். கண்டக்டர் நாலாப் பக்கமும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சும்மாதான நிக்கறீங்க, வந்து ஏறுங்க. ஜனம் நொம்ப நேரமா உக்காந்திருக்குது" என்றார். ஏறினேன்.

இதை நான் பவித்ராவுக்கு ஒரு தரம் சொன்னபோது அவள் கேட்டாள், "ஏன்ப்பா, ஃபோன் பண்ணிக் கூப்பிட மாட்டாங்களா?" ஆறு வயதில் இங்கே வந்த பெண், இப்போது பதினேழு. அவளுக்கு எல்லாம் ஃபோனில் வரும், பட்டியலில் இருக்கும், மின்னஞ்சலில் உறுதியாகும். கூப்பிடாத இடத்தில் போய் நிற்பது அவளுக்கு மானக்கேடு. எனக்கு அதுதான் பிழைப்பாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒரு நாடு, நான் ஒரு நாடு.

இங்கே வந்த புதிதில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் பஸ் ஓட்டிய அனுபவத்தை இந்த நாட்டில் ஒரு காகிதத்திலும் எழுத இடமில்லை. முதலிலிருந்து லைசென்ஸ் எடு என்றார்கள். எடுக்கப் போனேன். தேர்வின்போது மறைவான ஒரு வளைவு வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் பழகிய கை, தானாகவே ஹாரனை அழுத்திவிட்டது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் துள்ளிக் குதித்தார். பக்கத்தில் இருந்த அதிகாரி, ஆத்திரத்தோடு வண்டி ஓட்டுகிறான் என்று எழுதி என்னைப் பெயிலாக்கினார். எனக்கு ஆத்திரம் வந்தது அதைப் படித்த பிறகுதான்.

4

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிநேரத் தூரத்தில் இருக்கும் ஓர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஓர் ஆட்டம், சனிக்கிழமை இன்னோர் ஆட்டம், ஞாயிறு திரும்புவது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் மிலான் பெயர் இல்லை. இருந்தாலும் வழக்கம்போல வந்து மற்றவர்களின் பைகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அது அவன் வேலையே இல்லை.

"உன் பை எங்கே?" என்று கேட்டேன்.

"உள்ளே இருக்கு. நான் பட்டியல்ல இல்லையே."

"போய் எடுத்துட்டு வா."

அவன் என்னையே பார்த்தான். நான் ஒண்டிக்கடை கதையை அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். கண்டக்டர் நாலாப் பக்கமும் பார்த்ததை நடித்தே காட்டியிருந்தேன். அதனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. "உனக்கு வேலை போயிடும்" என்றான்.

"போனா வேற வண்டி ஓட்டுவேன். நீ இங்க நின்னா உனக்கு ஒண்ணும் கிடைக்காது. அங்க நின்னா ஏதாவது கிடைக்கலாம். எடுத்துட்டு வா" என்றேன்.

பையைக் கொண்டு வந்தான். வலது பக்க லக்கேஜ் அறையில் கடைசியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவனை எனக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்டில் உட்கார வைத்தேன். துணைப் பயிற்சியாளர் ஏறும்போது அவனைப் பார்த்துவிட்டு, "இவன் ஏன் இங்கே?" என்று கேட்டார்.

"எனக்கு உதவியாள்" என்றேன். "எங்க மலையில பஸ்ஸுக்கு கிளீனர்னு ஒருத்தன் உண்டு. ஏத்தத்துல வண்டி நின்னா இறங்கிச் சக்கரத்துக்குக் கல் போடுவான். பனி பார்த்தீங்களா?"

அவர் பனியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். போகும் வழியில் ஒரு மேடுகூட இல்லை. மேஜை மாதிரி தட்டையான நாடு இது.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் மிலானுக்கு இடமில்லை. நாங்கள் தோற்றோம். சனிக்கிழமை காலை ஓட்டலில் சாப்பிடும் இடத்தில் தலைமைப் பயிற்சியாளர் அவனைப் பார்த்துவிட்டார். நேரே என்னிடம் வந்தார். நான் கிளீனர் கதை எல்லாம் சொல்லவில்லை. "நான்தான் ஏத்திட்டு வந்தேன். அவன் ஆடணும்" என்றேன்.

"யார் ஆடணும்னு முடிவு பண்றது நீயா?"

"இல்ல. நீங்கதான். அவன் இங்க இருந்தாத்தானே நீங்க முடிவு பண்ண முடியும்."

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து சேர் என்று சொல்லிவிட்டுப் போனார். முகம் சிவந்திருந்தது. நான் பஸ்ஸுக்குப் போய் சரோஜாவுக்கு ஃபோன் போட்டேன். சரோஜா என் மனைவி, குப்பனூர்க்காரி. எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"ஏனுங்க, உங்குளுக்கு எதுக்குங்க இந்த வம்பு? அவன் என்ன மாமனா மச்சானா? இங்க வந்து அலைஞ்ச அலைச்சலெல்லாம் மறந்துபோச்சுங்களா? நொம்ப நாளைக்கப்பறம் இப்பத்தான் ஊட்டுல எல்லாரும் நிம்மதியா தூங்கறோம்" என்றாள்.

"ஏத்தியாச்சு சரோஜா. பாதி வழியில எறக்கி உட முடியுமா?" என்றேன்.

பிறகு, "சாப்புட்டானுங்களா அந்தப் பையன்?" என்று கேட்டாள்.

மத்தியானம் நான் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைமைப் பயிற்சியாளர் கோட்டு போடாமல் பனியில் நடந்து வந்தார். தடுப்பு ஆட்டக்காரன் ஒருவனை வெள்ளிக்கிழமை ராத்திரியே பெரிய அணி மேலே எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னொருவனுக்குக் கணுக்கால் வீங்கி பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. கீழ் அணியிலிருந்து ஆளைக் கூப்பிட்டால், பனியால் விமானமே கிளம்பவில்லையாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவன் பை இருக்கா?"

லக்கேஜ் அறையைத் திறந்து பையை இழுத்து அவர் காலடியில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பது வருஷம் ஒண்டிக்கடையில் நின்றதற்கு எனக்கு அன்றைக்குத்தான் கூலி கிடைத்தது.

5

வழக்கமாக ஆட்டம் நடக்கும்போது நான் அறையில் படுத்துத் தூங்குவேன். அன்றைக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மிலான் அப்படி ஒன்றும் சாகசம் செய்யவில்லை. கோல் போடவில்லை, போட்டவனுக்குப் பந்தைத் தள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. பந்து என்று சொல்கிறேன், உண்மையில் அது கெட்டி ரப்பரில் செய்த ஒரு வட்டு. ஒருதரம் அது அவன் விலாவில் வந்து இறங்கியது. விழுந்தான், எழுந்தான், அடுத்த முறை மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றான். ஒருமுறை பெரிய ஆள் ஒருவன் அவனைச் சுவரோடு சேர்த்து மோதினான். எனக்கு அந்த முழங்காலைப் பற்றிய பயம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் அன்றைக்கும் தோற்றோம். நான் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது தலைமைப் பயிற்சியாளர் மிலானைத் தன் சீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அரை மணிநேரம் கழித்து அவன் முன்னால் வந்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்தான்.

"சீசன் முடியற வரைக்கும் இருன்னு சொல்றாங்க. ஆள் கம்மியா இருக்காம்."

"ஆட விடுவாங்களா?"

"அதையேதான் நானும் கேட்டேன். தயாரா இரு, அப்படின்னாங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவன் பிழைப்பு, அவன்தான் முடிவு பண்ண வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் அவன் ஃபோனில் ஏதோ செய்தி வந்தது. படித்துவிட்டு எனக்கு நேரே நீட்டினான். வண்டி ஓட்டும்போது ஃபோன் பார்க்கக் கூடாது, அந்தச் சட்டத்தையாவது மீறாமல் இருப்போம் என்று, படித்துச் சொல் என்றேன். பழைய கிளப் ராத்திரியே ஆட்டத்தைப் பார்த்துவிட்டதாம். வரும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவன் பெயரைச் சேர்க்கிறார்களாம். வரச் சொன்னார்கள்.

"போறேன்" என்றான். "ஆனா இப்ப நான் வேண்டாம்னு சொல்லிட்டுப் போறேன். அவங்க வேண்டாம்னு சொல்லிப் போகல."

6

திங்கட்கிழமை அலுவலகத்தில் கடிதம். இன்சூரன்ஸ், பொறுப்பு, விதிமுறை என்று இரண்டு பக்கம். விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. அடுத்த இரண்டு பயணத்துக்கு எனக்கு வேலை இல்லை என்றார்கள். சரி என்றேன். கடைசியில் ஒரு கட்டம். விதியை மீறியதற்கான காரணத்தை அதில் எழுதித் தர வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் இந்தக் காகிதங்களை எழுதுவது பவித்ராதான்.

"'சரியாகப் புரிந்துகொள்ளாததால் நடந்துவிட்டது, வருந்துகிறேன்'னு போட்டுடறேன்ப்பா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றாள்.

"வேண்டாம் கண்ணு. எனக்கு எல்லாம் புரிஞ்சுதான் செஞ்சேன். வருத்தமும் இல்லை."

"அப்பறம் என்ன எழுதறது?"

"அவன் ஆட வந்தவன். அதனால ஏத்தினேன். இதை மட்டும் எழுது."

"இது ஒரு காரணமாப்பா?"

"எழுது சாமி."

அவள் ஒரு வார்த்தை சேர்க்காமல், ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே அடித்தாள். அலுவலகத்தில் மாற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மாற்ற மாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மிலானை நான்தான் என் சொந்தக் காரில் கொண்டுபோய் விட்டேன். சரோஜா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அவன் விமான நிலையத்திலேயே பாதி தின்றுவிட்டான்.

7

என்னை நிறுத்தி வைத்த இரண்டு பயணத்துக்கும் மாற்று டிரைவராக வந்தவள் பிலிப்பைன்ஸ்காரி, பெயர் மாரிசெல். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கே யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைக் கூப்பிடுவார்கள். என் தோள் உயரம்தான் இருப்பாள். அந்த சீட்டை நான் வைத்திருக்கும் தூரத்தில் அவளுக்கு பிரேக்கே எட்டாது.

மூன்றாவது பயணத்துக்கு நான் போய் வண்டியில் ஏறினேன். சீட்டு எனக்கு எப்படியோ அப்படியே இருந்தது. நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், ஸ்டியரிங்கின் சாய்வு, எதுவும் இம்மி நகரவில்லை. இரண்டு வாரம் வேறொருத்தி ஓட்டிய வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. குனிந்து பார்த்தேன். சீட்டு நகரும் தண்டவாளத்தில் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு. கண்ணாடிகளின் தண்டிலும் கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். நானும் போட்டிருக்கிறேன். ஆக்டிங் டிரைவர் இறங்கும்போது சீட்டையும் கண்ணாடியையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வாடிக்கை டிரைவர் வந்து உட்கார்ந்தால் நேற்று இன்னொருவன் இங்கே உட்கார்ந்திருந்தான் என்பதே அவருக்குத் தெரியக் கூடாது. ஒருதரம் கண்ணாடி ஒரு விரல்கடை திரும்பியிருந்ததற்காக ஒண்டிக்கடை முச்சந்தியில் நாலு பேர் பார்க்க ஒருவர் என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் எத்தனை வண்டி ஓட்டினேன், எந்த வண்டியிலும் நான் ஓட்டியதற்கு ஓர் அடையாளம் கிடையாது.

மாரிசெல்லுக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததுமே பயந்துவிட்டாள். "ஏதாவது தப்பாயிடுச்சா? எல்லாத்தையும் இருந்தபடியே வெச்சுட்டுத்தானே இறங்கினேன்?" என்றாள்.

"அதுதான் தப்பு" என்றேன். "இனிமே இந்த வண்டியை ஓட்டினா உனக்கு எப்படி வசதியோ அப்படியே விட்டுட்டு இறங்கு. நான் வந்து மாத்திக்கிறேன்."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சரி சார் என்றாள். சார் எல்லாம் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பிறகு ஈரத்துணி எடுத்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.